நாவல்பழக் காடி: செட்டிநாட்டு வீட்டில் எதையும் கலக்காமல் செய்வது எப்படி?

ஆனி பிறந்தால் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நாவல்பழம் தெருவுக்கு வந்துவிடும். விநாயகர் சதுர்த்திக்குப் படைக்கிற வரைக்கும் கிடைக்கும். ஆனால் வாங்கி வந்த மறுநாளே தோல் சுருங்கும், அதற்கடுத்த நாள் பூஞ்சை பூக்கும். நாவல்பழத்தைச் சேர்த்து வைக்கவே முடியாது. ஜாம் போட்டால் சர்க்கரை ருசிதான் மிஞ்சும். ஜூஸ் போட்டால் ஒரு வாரம். அந்தக் கறுத்த ஊதா நிறத்தையும் துவர்ப்பையும் வருடம் முழுக்க வைத்திருக்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, அதைக் காடியாக, அதாவது வினிகராக ஆக்கிவிடுவது. வட இந்தியாவில் ஜாமுன் சிர்க்கா என்று வீட்டுக்கு வீடு செய்வது இதைத்தான். நம் பக்கம் மரம் இருக்கிறது, ஜாடி இருக்கிறது, செய்கிறவர்கள்தான் குறைவு.

இங்கே சொல்லும் முறையில் பாக்கெட் ஈஸ்ட் கிடையாது, பதப்படுத்தும் மருந்து கிடையாது, நிறம் கிடையாது. பழமும், உயிருள்ள கொஞ்சம் பழைய காடியும், காற்றும் போதும். அதனால் சும்மா ஊற்றி வைத்தால் தானாக ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எதையும் கலக்காதவர்களுக்குத்தான் சுத்தமும் கவனமும் இரண்டு மடங்கு வேண்டும்.

ஒயின் இருக்க ஏன் காடி?

இந்தக் கேள்வி வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க இப்போது 'நேச்சுரல் ஒயின்' பேச்சு. ஜார்ஜியா நாட்டில் சிறு குடும்பங்கள் க்வெவ்ரி எனும் பெரிய மண் தாழியை உள்ளே தேன்மெழுகு பூசித் தரையில் புதைத்து, தங்கள் நாட்டுத் திராட்சையைத் தோல், கொட்டை, காம்போடு அதில் கொட்டி மூடி, ஐந்தாறு மாதம் விட்டுவிடுகிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. ர்கத்சிதெலி, சப்பராவி என்று அவர்களுக்கே உரிய திராட்சை வகைகள் ஐந்நூறுக்கு மேல். பழத்தின் தோலில் இருக்கும் ஈஸ்டே வேலையைச் செய்கிறது. நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு: தோலோடு நொதிக்க விடுவது, வெளி ஈஸ்ட் சேர்க்காதது.

ஆனால் நாம் இருப்பது தமிழ்நாட்டில். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்து வைப்பது குற்றம், 'கிறிஸ்துமஸுக்குத்தானே' என்றாலும் சரி. பழச்சாறு காடியாகும் வழியில் ஆல்கஹால் கட்டம் ஒன்று உண்டு. அதில் நிறுத்தி வைக்கக்கூடாது. இங்கே சொல்லும் முறையில் ஒரு வாரத்துக்குள் அதைக் காடிப் பக்கம் தள்ளிவிடுகிறோம்.

இன்னொரு பயமும் இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பார்த்த பிறகு 'நொதித்தது' என்றாலே மெத்தனால் என்ற எண்ணம் வருவது இயல்பு. அங்கே உயிர்களைக் குடித்தது, சாராயத்தில் கலந்த தொழிற்சாலை மெத்தனால். பழம் தானாக நொதிக்கும்போது மெத்தனால் உண்டாவது மிகச் சிறிய அளவில். காய்ச்சி வடிக்காதவரை அது ஓரிடத்தில் திரள்வதில்லை. இந்த முறையில் எந்தக் கட்டத்திலும் காய்ச்சி வடிக்கும் வேலை கிடையாது.

ஜாடி: பழையது எல்லாம் நல்லதல்ல

செட்டிநாட்டு வீடுகளில் சாமான் அறையைத் திறந்தால் ஜாடிக்குப் பஞ்சமில்லை. பர்மாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலில் வந்தவை, ஆச்சி சீதனமாகக் கொண்டு வந்தவை, மங்குச் சாமான் அடுக்கடுக்காக. அதில் ஒன்றைத் துடைத்து எடுத்து, இதில் போடலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். போடாதீர்கள். அந்தக் காலத்து மெருகுப் பூச்சுகள் பலவற்றில் ஈயம் உண்டு. பருப்பும் மிளகாயும் வைத்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் புளிப்பு நின்றால் ஈயம் கரைந்து காடியில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ருசியிலும் தெரியாது. உள்ளே மஞ்சள், பச்சை என்று நிறப் பூச்சு உள்ளவையும், பொடிப்பொடியாக வெடிப்பு ஓடியவையும் அழகுக்கு நிற்கட்டும். விளிம்பு பெயர்ந்த மங்குச் சாமானும் வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதியில் பழம்பொருள் கடைகளில் பார்க்கும் ஜாடிக்கும் இதே பேச்சுதான்.

கண்ணாடி ஜாடிதான் எனக்குப் பிடித்தது, நடப்பதைப் பார்க்கலாம். புதிதாக வாங்கும், உணவுக்கென்றே விற்கும் பீங்கான் ஊறுகாய் ஜாடியும் சரி. முதல் வாரத்துக்கு நல்ல எவர்சில்வர் அண்டா போதும். பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு எதுவும் அருகில் வரக்கூடாது. கிளற மரக்கரண்டி.

வாய் அகன்ற ஜாடியாகப் பாருங்கள். காடியை ஆக்கும் பாக்டீரியா காற்று இருந்தால்தான் உயிர் வாழும், வேலை நடப்பது மேற்பரப்பில். குறுகலான பாட்டிலில் ஆறு மாதம் ஆவது அகன்ற ஜாடியில் இரண்டு மாதத்தில் முடியும்.

இடம் விஷயத்தில் செட்டிநாட்டு வீடு கொடுத்து வைத்தது. கனத்த சுவர், உயர்ந்த கூரை, வளவு எனும் நடு முற்றத்தில் ஓடும் காற்று. வடக்கே ஜாடியை வெயிலில் வைப்பார்கள். நம் ஆடி வெயிலில் வைத்தால் பாக்டீரியா வெந்துவிடும். அதற்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம், 35-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வெயில் படாத, காற்று வருகிற மூலையைப் பிடியுங்கள். ஊறுகாயும் தயிரும் இருக்கிற அறை வேண்டாம்.

தரையையும் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் சிமெண்ட் இருக்கிறது, புளிப்பு பட்டால் மெருகு அரித்துப் போகும், நாவல் கறையும் ஏறிவிடும். ஜாடிக்கு அடியில் விளிம்புள்ள தட்டு ஒன்று கட்டாயம். முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுண்ணாம்புச் சுவருக்கு இதைவிட மோசம். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

பழம்

நாவல்பழம் என்றால் எழுத வருகிற எல்லாரும் ஔவையைக் கூட்டி வந்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கதையில் பயன்படுவது ஒன்றுதான்: கீழே விழுந்த பழத்தில் மண் ஒட்டும், அது வேண்டாம். மரத்தடியில் சேலையோ தார்பாயோ கட்டிக் கிளையை உலுக்கி எடுத்த பழம் வேண்டும்.

இப்போது சந்தையில் இரண்டு வகை வருகிறது. கட்டைவிரல் அளவு பெரிய ஒட்டு நாவல் ஒன்று. சிறிய நாட்டு நாவல் இன்னொன்று. தின்பதற்குப் பெரியது, காடிக்குச் சிறியது. சதை குறைவுதான், ஆனால் சதைக்கு ஏற்ற தோல் அதிகம். நிறமும் துவர்ப்பும் வாசனையும் தோலில்தான் இருக்கின்றன. விலையும் குறைவு.

10 கிலோ எடுத்துக்கொள்வோம். கொட்டை போக, பிழிந்து 5 லிட்டர் சாறு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கறுத்து, அழுத்தினால் இளகும் பழம் வேண்டும். காம்புப் பக்கம் சிவந்திருப்பது பழுக்காதது, சர்க்கரை இருக்காது. பூஞ்சை கண்டது, புழு வைத்தது, புளித்த வாடை அடிப்பது எல்லாம் கழிக்க வேண்டியவை. மருந்து போட்டு நடத்தும் ஒயின் ஆலை இதில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம், அங்கே சல்பைட் எனும் பதப்படுத்தும் மருந்து எல்லாவற்றையும் அடக்கிவிடும். நமக்கு அந்தத் துணை இல்லை. ஒரு கைப்பிடி கெட்ட பழம் மொத்த ஜாடியையும் கெடுக்கும். பழம் பொறுக்க உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வேலையிலேயே முக்கியமான நேரம் என்பேன்.

கழுவுவதில் அதிகம் போகாதீர்கள். ஒரு முறை தண்ணீரில் அலசித் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள், அவ்வளவுதான். உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், காய்கறி கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் நமக்கு வேண்டும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரானால் முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள்.

பிசைவதும் சர்க்கரைக் கணக்கும்

அண்டாவையும் கரண்டியையும் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்துவிட்டு, பழத்தைக் கையால் பிசையுங்கள். மிக்சி வேண்டாம். கொட்டை உடைந்தால் கசப்பும் வறண்ட துவர்ப்பும் இறங்கிப் பிறகு எடுக்கவே முடியாது. பிசையும்போதே பாதிக் கொட்டையை எடுத்துவிடுவேன். மீதி முழுசாக நாலைந்து நாள் கிடந்தால் கெடுதல் இல்லை, காடிக்குக் கொஞ்சம் உடம்பு கொடுக்கும். கை இரண்டு நாளைக்கு ஊதாவாக இருக்கும், விசேஷத்துக்குப் போவதானால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. சாற்றில் இருக்கும் இனிப்பைப் பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 100 கிராம் சாற்றில் 12 கிராம் சர்க்கரை இருந்தால் ஏறத்தாழ 12 பிரிக்ஸ். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும்: ஒரு பிரிக்ஸுக்கு அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். ஒரு சதவீத ஆல்கஹால் முழுதாக மாறினால் ஏறத்தாழ ஒரு சதவீத அமிலம். ஆனால் வழியில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தைப் பாக்டீரியாவே தின்றுவிடும். ஆக 12 பிரிக்ஸ் சாற்றிலிருந்து ஆறரை சதவீத ஆல்கஹால், அதிலிருந்து ஐந்து சதவீத அளவுக்குப் புளிப்பு. ஐந்து சதவீதம் நல்ல காடி.

பிரிக்ஸ் பார்க்கும் கையடக்கக் கருவி இணையத்தில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். நொதிக்கத் தொடங்குவதற்கு முன் பாருங்கள். ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது தப்பான எண்ணைக் காட்டும். நன்றாகப் பழுத்த நாவலில் 10-லிருந்து 14 வரை வரும். 10-க்குக் கீழே வந்தால் புளிப்பு வலுக்காது, பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். அப்போது மட்டும் நாட்டுச் சர்க்கரை சேர்க்கலாம்: லிட்டர் ஒன்றுக்கு 10 கிராம் போட்டால் ஏறத்தாழ ஒரு பிரிக்ஸ் ஏறும். மழை பெய்து ஓய்ந்ததும் பறித்த பழத்துக்கு இது தேவைப்படும். சுத்த சைவம் மாதிரி இதில் விடாப்பிடியாக இருக்க வேண்டியதில்லை. கருப்பட்டி போட்டால் அதன் வாசனை நாவலை அமுக்கிவிடும், எனக்கு ஒப்பவில்லை.

அண்டாவை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே நெருக்கமான மல் துணியை இரண்டாக மடித்து வேடு கட்டுங்கள். மூடி போட்டு இறுக்கக்கூடாது, உள்ளே வாயு உண்டாகும்.

நுரைக்கும் வாரம்

முதல் நாள் ஒன்றும் தெரியாது. நம் ஊர் வெப்பத்தில் இரண்டாம் நாளே ஓரங்களில் குமிழி வரும். மூன்றாம் நாள் காலையில் வேடு கட்டிய துணியை அவிழ்த்தால் தோலும் சக்கையும் மேலே ஒரு கெட்டித் தட்டாக எழும்பி நிற்கும், நடுவில் வெடிப்பு விட்டு இளஞ்சிவப்பு நுரை கசியும். காதை அருகில் கொண்டுபோனால் மெல்லிய சுரசுரப்பு கேட்கும். வாசனை பழமும் ஆப்ப மாவும் சேர்ந்தது போல இருக்க வேண்டும்.

அந்தத் தட்டை அப்படியே விடக்கூடாது. மேலே காய்ந்து பூஞ்சை பிடிக்கும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கரண்டியால் அழுத்திச் சாற்றில் முக்கிக் கிளறுங்கள். வெளியூர்ப் பயணம், திருமணம் என்று ஒரு வாரத்துக்குள் எதுவும் இருந்தால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தொடங்கிவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் நுரை அடங்கும், தட்டு கீழே இறங்கத் தொடங்கும், இனிப்பு மறைந்திருக்கும். அன்றே வடித்துவிடுங்கள். கொதிநீரில் அலசிப் பிழிந்த துணியில் கொட்டி இரண்டு பேராக முறுக்கிப் பிழிந்தால் சக்கையில் ஒன்றும் மிஞ்சாது. நொதித்த சக்கை சாற்றைத் தானே விட்டுவிடும், முதல் நாள் பிழிவதைவிட எளிது. சக்கையும் கொட்டையும் உரக்குழிக்கு. நேரே செடியின் வேரில் போடாதீர்கள், புளிப்பு ஆகாது.

மதர் சேர்ப்பது

வடித்த சாற்றை அப்படியே விட்டாலும் ஒருநாள் காடியாகும். ஆனால் எந்தப் பாக்டீரியா முதலில் வந்து இடம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் உயிருள்ள பழைய காடி. கடையில் 'மதர்' (காடியை ஆக்கும் பாக்டீரியா மேலே கட்டும் ஏடு) உள்ளது என்று போட்டு விற்கும், சூடேற்றாத, வடிகட்டாத ஆப்பிள் சிடர் வினிகர் போதும். அடியில் கலங்கலாகத் தெரிய வேண்டும். 5 லிட்டர் சாற்றுக்கு 1 லிட்டர். முதல் வருடம் மட்டும்தான் இந்தச் செலவு, அடுத்த வருடம் உங்கள் ஜாடியிலேயே இருக்கும்.

மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் இதற்கு உதவாது. அது பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது, 'சிந்தெடிக்' என்று லேபிளிலேயே இருக்கும். அதில் உயிர் இல்லை. ஜாடி துடைக்க, ஜன்னல் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் பழைய காடி என்பது அதிகம் என்று தோன்றலாம். குறைக்காதீர்கள். அது சேர்ந்த உடனே மொத்தமும் புளிப்பேறிவிடுவதால் கெடுக்கும் கிருமிகள் தலையெடுக்காது. கலந்ததும் அகன்ற ஜாடியில் ஊற்றுங்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். மறுபடியும் துணி மடித்து வேடு கட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பழ ஈ நூல் இடைவெளியிலும் புகுந்துவிடும்.

இதன்பிறகு கைவைக்கக்கூடாது. போன வாரம் தினமும் மூன்று முறை கிளறியவர்களுக்கு இது கஷ்டம். வீட்டில் பெரியவர்கள் யாராவது 'கிளறி விட்டாயா அப்பச்சி?' என்று கேட்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், கிளறாதீர்கள். ஏடு உடைந்தால் மூழ்கிவிடும், புது ஏடு கட்ட மறுபடி நாளாகும்.

ஏடும் வாசனையும்

பத்துப் பதினைந்து நாளில் மேலே மெல்லிய படலம் தெரியும். முதலில் நெய் மிதப்பது போல, பிறகு வழவழப்பாக, சாம்பல் கலந்த ஊதாவாகத் தடிக்கும். பாக்டீரியா தானே நெய்துகொள்ளும் செல்லுலோஸ் அது. இதுதான் மதர். எடுத்து எறிந்துவிடாதீர்கள். சில ஜாடியில் ஏடு கட்டாமலே காடி ஆகும், அதற்காகவும் பயப்பட வேண்டாம்.

காய்ந்த மாவு தூவியது போல வெள்ளையாக, சுருக்கம் விழுந்த படலம் வந்தால் அது வேறு ஈஸ்ட். விஷமில்லை, ருசியைக் கெடுக்கும். சுத்தமான கரண்டியால் வழித்துவிட்டு இன்னும் ஒரு டம்ளர் உயிருள்ள காடி சேருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல ரோமம் எழும்பினால் பூஞ்சை. அதை வழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு ஜாடியைக் கொதிநீரில் கழுவுங்கள்.

மூன்றாம் வாரம் வாக்கில் நகப்பூச்சு வாசனை அடிக்கலாம். ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் வாசனை அது. காற்று போதாதபோது கூடும். துணியை மாற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கடைசி வரை அடங்காவிட்டால் சமையலுக்கு ஆகாது. அழுகிய முட்டை வாசனை என்றால் பழம் பொறுக்கியதிலோ சுத்தத்திலோ தவறு. வெளிச்சத்தில் பார்க்கும்போது நூல் நுனி அளவில் நெளிவது தெரிந்தால் வினிகர்ப் புழு. மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் தெரிந்தபின் யாருக்கும் சாப்பிட மனம் வராது. வடிகட்டிச் சூடேற்றி விடுங்கள், அந்த மதரை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள்.

புளிப்பை அளப்பது

ஆறு வாரம் கழித்து ஏட்டின் ஓரமாக ஒரு ஸ்ட்ரா விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்துக் கொஞ்சம் எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். ஆல்கஹாலின் காரம் தொண்டையில் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. எட்டிலிருந்து பத்து வாரத்தில் பெரும்பாலும் முடியும். ஆடியில் போட்டது ஐப்பசி மழை பிடிக்கும்போது தயாராக இருக்கும்.

சாலட்டுக்கு நாக்கு போதும். ஊறுகாய் போடுவதானால் நாக்கை நம்பக்கூடாது, குறைந்தது ஐந்து சதவீதம் இருக்கிறதா என்று அளந்தே ஆக வேண்டும். காரைக்குடி, சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர், வேதியியல் படித்த பிள்ளை ஒன்று எல்லாத் தெருவிலும் இருக்கும். அவர்களைப் பிடியுங்கள். 2 மி.லி. காடியில் 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர் விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தக் கரைசல் கையையும் கண்ணையும் அரிக்கும், கண்ணாடியும் உறையும் இல்லாமல் தொடக்கூடாது. எத்தனை மி.லி. செலவானதோ அதை 0.3-ஆல் பெருக்கினால் அமிலச் சதவீதம். 17 மி.லி. செலவானால் 5.1.

மற்ற வினிகருக்கு நிறம் காட்டும் மருந்து தனியாகச் சேர்ப்பார்கள். நாவல் காடியில் பழத்தின் நிறமே அந்த வேலையைச் செய்யப் பார்க்கும்: இளஞ்சிவப்பாக இருப்பது மங்கும், ஊதாவாகும், நீலம் தட்டும், கடைசியில் ஒரு சொட்டில் பச்சை கலந்து அப்படியே நிற்கும். அந்த இடம்தான் முடிவு. பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம், தள்ளி நிற்க வைத்து. துல்லியமாக வேண்டுமென்றால் பி.எச். மீட்டரில் 8.2 வரும்போது நிறுத்துங்கள்.

வடித்து அடைப்பது

ஆன காடியை ஜாடியிலேயே விட்டு வைக்கக்கூடாது. ஆல்கஹால் தீர்ந்ததும் பாக்டீரியா சும்மா இருக்காது, தான் செய்த அமிலத்தையே தின்னத் தொடங்கும். இரண்டு மாதம் மறந்துவிட்டால் தண்ணீர் போல ஆகிவிடும். ஏட்டை ஒதுக்கி, அடி வண்டலைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் மல் துணியில் வடித்துச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் வாய் வரை ஊற்றுங்கள். காற்று இல்லாவிட்டால் பாக்டீரியா அடங்கிவிடும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள், தகர மூடி ஒரே மாதத்தில் அரித்துவிடும்.

சூடேற்றலாமா? நான் ஏற்றுவதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பாட்டில் மட்டும் விதிவிலக்கு. பாட்டிலை வெந்நீரில் நிறுத்திக் காடி 65 டிகிரிக்கு வரும்போது அடைத்தால் பெட்டியில் மதர் கட்டி வழியாது. இளங்காடி கொஞ்சம் முரடாக இருக்கும். இருட்டில் மூன்று மாதம் வைத்தால் துவர்ப்பு இளகும், நிறம் ஊதாவிலிருந்து செங்கல் சிவப்புக்குப் போகும். பொங்கலுக்குத் திறந்தால் சரியாக இருக்கும்.

அடுப்படியில்

நம் சமையலில் புளிப்புக்குப் புளி, எலுமிச்சை, தக்காளி, மாங்காய் என்று ஏற்கெனவே ஆள் இருக்கிறது. காரக்குழம்பில் புளிக்குப் பதிலாக இதை ஊற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள், இரண்டும் கெட்டுவிடும். உப்புக்கறி சுருள வந்து இறக்கும் நேரத்தில் ஒரு சிறுகரண்டி விட்டுப் புரட்டினால் மிளகாயின் காரம் ஒழுங்குக்கு வரும். நறுக்கிய சின்ன வெங்காயத்தை உப்போடு இதில் அரை மணி ஊற வைத்தால் பளிச்சென்ற சிவப்பு, பிரியாணிக்குப் பக்கத்தில் தயிர்ப் பச்சடியைத் தோற்கடிக்கும். கோழி ஊற வைக்கத் தயிருக்குப் பதில் இது போதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கறி மாவாகிவிடும்.

நாவல் என்றதும் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்கள் உண்டு. இது சமையல் பொருள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கும் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம். யாராக இருந்தாலும் தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமல் போகும், தொண்டை எரியும்.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். நொதித்துச் செய்யும் வினிகருக்கு அவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அசிட்டிக் அமிலம் 100 மி.லி.க்கு 3.75 கிராம். அண்டா அளவிலிருந்து பீப்பாய் அளவுக்குப் போவதானால் இடையில் வரும் ஆல்கஹால் கட்டத்தை முன்னிட்டு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடமும் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதரைக் காப்பாற்றுவது

ஒதுக்கிய ஏட்டை ஒரு சிறு கண்ணாடி ஜாடியில் போட்டு, புதுக் காடி மூழ்கும் அளவு ஊற்றித் துணி கட்டி வையுங்கள். ஆவியாகிக் குறைந்தால் கொஞ்சம் காடி சேருங்கள். நாவல் இல்லாத மாதங்களில் கம்பம் பன்னீர் திராட்சைச் சாற்றைப் பழகிய இதே முறையில் ஒரு வாரம் நொதிக்கவிட்டு, சம அளவு காடி கலந்து ஊற்றினால் மதர் வலுவாக இருக்கும். திராட்சையில் சர்க்கரை அதிகம், பிசையும்போதே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்சில் ஓர்லியான் நகரத்து முறையும் கிட்டத்தட்ட இதுதான்: பீப்பாயிலிருந்து ஒரு பங்கு எடுப்பது, அதே அளவு புதிதாக ஊற்றுவது, மேலே உள்ள ஏட்டைக் கலைக்காமல்.

அக்கம் பக்கத்தில் மதர் கேட்டு வருவார்கள். வெறும் ஏட்டை மட்டும் தூக்கிக் கொடுக்காதீர்கள், அதில் உயிர் குறைவு, வீட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு ஆகவில்லை என்று வந்து நிற்பார்கள். ஐந்து லிட்டருக்கு ஒரு லிட்டர் கணக்கில் சூடேற்றாத காடியையும் சேர்த்துக் கொடுங்கள், எந்தத் தேதியில் வடித்தது என்று பாட்டிலில் எழுதி.